பழைய கார்களும் உள்ளே புகும் புகையும்

திருவனந்தபுரம் நகரில் கிழக்கேகோட்டையையும் கிள்ளிப்பாலத்தையும் இணைக்கும் சாலைக் கடைத்தெரு, மோட்டார் வண்டிகள் தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே உருவானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இதனை நிறுவினார். மாட்டு வண்டிகளுக்கும் தலைச்சுமையாளருக்கும் போதுமான அகலத்தில் அமைந்த இத்தெருவில் இன்று லாரிகளும் ஆட்டோ ரிக்ஷாக்களும் கைவண்டிகளும் ஸ்கூட்டர்களும் ஒன்றையொன்று ஒட்டி நகர்கின்றன. கார் ஒன்று இதனைக் கடக்க வேண்டுமாயின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நின்று நின்றே செல்ல வேண்டும். அக்கார் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்டதாயின், உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்குச் சிறிது நேரத்தில் பெட்ரோல் நாற்றமோ புகை நாற்றமோ தெரியத் தொடங்குவதுண்டு. சிலருக்குத் தலை கனக்கும். பெரும்பாலோர் அதனை வெயிலின் மீதும் நெரிசலின் மீதும் சுமத்திவிடுகின்றனர். வாசனைத் திரவியப் புட்டி ஒன்றை டேஷ்போர்டின் மீது வைத்து நாற்றத்தை மறைக்கவும் முற்படுகின்றனர்.

இது பெருந்தவறாகும். எஞ்சின் புகையில் உள்ள மிகக் கொடிய வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மணமுள்ள வேறு பொருள்கள் அதனுடன் கூடவே வருவதால்தான் அதன் வருகையை நாம் ஊகிக்க முடிகிறது. ஆகவே நாற்றத்தை மறைப்பவர், வீட்டு வாசலில் குரைக்கும் நாயின் வாயைக் கட்டுபவருக்கு ஒப்பாவார். நாற்றம் எங்கிருந்து எழுகிறது, எவ்வழியாக நுழைகிறது என்று கண்டு, அவ்விரண்டையும் அடைப்பதே முறையாகும். பழைய ஜீப்புகளிலும் கார்களிலும் நாள்தோறும் பயணம் செய்யும் கள ஊழியர்களுக்கு இவ்விஷயம் நேரடியாகப் பயன்படும். வாயுக்கள், அழுத்தம், ரத்த ஓட்டம் ஆகிய பாடங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது நல்ல உதாரணமாக அமையும்.

புகையில் அடங்கியவை

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள்களின் கலவை. அது போதுமான பிராணவாயுவுடன் முழுமையாக எரிந்தால் கரியமிலவாயுவும் நீராவியும் மட்டுமே உண்டாகும். ஆனால் எஞ்சினுக்குள் எரிதல் ஒருபோதும் முழுமையாக நிகழ்வதில்லை. வண்டி நின்றவாறு எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கார்புரேட்டர் அனுப்பும் கலவையில் பெட்ரோல் மிகுந்தும் காற்றுக் குறைந்தும் இருக்கும். அப்போது கார்பனின் ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவாக வெளியேறுகிறது. எரியாத பெட்ரோல் ஆவியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், கண்ணைக் கரிக்கும் ஆல்டிஹைடுகளும் அதனுடன் சேர்ந்திருக்கும்.

புதிய கார்களின் சைலன்சர்க் குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் கருவி இவ்வாயுக்களில் பெரும்பகுதியைத் தீங்கற்றவையாக மாற்றிவிடுகிறது. இந்தியாவில் இக்கருவி புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-இல் நான்கு பெருநகரங்களில் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் பிற இடங்களுக்கும் பரவியது. அதற்கு முற்பட்ட அம்பாசிடர், சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயில் தயாரான பிரிமியர் பத்மினி ஆகியவற்றில் இக்கருவி கிடையாது. இவற்றின் புகையில் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் நூற்றுக்கு 3 முதல் 7 பங்கு வரை கார்பன் மோனாக்ஸைடு இருக்கக்கூடும்.

ரத்தத்தில் நிகழ்வது

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்ஸைடு இந்த ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் இணைகிறது. கடைத்தெருவில் சுமை தூக்கும் ஆட்கள் யாவரையும் ஒரே வணிகர் முன்பணம் கொடுத்து அமர்த்திக்கொண்டால் மற்றவர் சரக்கு எவ்வாறு தேங்குமோ, அவ்வாறே பிராணவாயு நுரையீரலில் நிறைந்திருந்தும் உடலுக்குச் சென்றடைவதில்லை. இவ்வாயு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைக் கைப்பற்றுகிறது என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாத் பெர்னார் 1850-களில் கண்டறிந்தார். பிரிட்டிஷ் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890-களில் தம் உடலிலேயே சோதனை செய்து, அதன் விளைவுகளை அளவிட்டார். சுரங்கங்களில் இவ்வாயுவைக் கண்டறியச் சிறு பறவைகளை வைத்திருக்கும் வழக்கம் அவர் பரிந்துரையிலிருந்து எழுந்ததே.

முதலில் தலைவலி, பின்னர் குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம், இறுதியில் நினைவிழப்பு என்று இதன் விளைவுகள் வளர்கின்றன. மயக்கம் வருவதற்கு முன்னரே ஓட்டுபவரின் கவனமும் தீர்ப்பும் மழுங்கிவிடுகின்றன என்பது குறிப்பாக நினைவிற்கொள்ளத்தக்கது. உடலில் ஏறிய இவ்வாயு விரைவில் இறங்குவதுமில்லை. தூய காற்றைச் சுவாசித்தாலும் பாதியளவு குறைவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே காலையில் ஏறிய நஞ்சின் மீது மாலையில் ஏறுவதும் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரு சிறு கணக்கு

வகுப்பறையில் மாணவர்களைக் கொண்டே போடத்தக்க கணக்கு ஒன்றை இங்குக் காண்போம். ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினாதலால் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே அது காற்றை இழுக்கும். அதாவது முழுமையாக நிரம்பினால் 600 லிட்டர். மெதுவாக ஓடுகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நிரம்பும் என்று கொண்டால், வெளிவரும் புகை குளிர்ந்த நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர். அதில் நூற்றுக்கு 5 பங்கு கார்பன் மோனாக்ஸைடு எனில் 10 லிட்டர். இப்புகையில் நூறில் ஒரு பங்கு மட்டும் காருக்குள் கசிந்தால் நிமிடத்துக்கு 0.1 லிட்டர் நச்சு வாயு உள்ளே சேரும். காரின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். கண்ணாடிகள் யாவும் மூடியிருந்தால் 10 நிமிடத்தில் 1 லிட்டர் சேர்ந்து, காற்றில் பத்து லட்சத்துக்கு 333 பங்கு என்ற அளவை எட்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் உட்புறக் காற்றுக்கு வகுத்த வழிகாட்டியின்படி, ஒரு மணி நேரத்துக்கு ஏற்கத்தக்க அளவு பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 30 பங்கு மட்டுமே. நூறில் ஒரு பங்கு கசிவு என்பது சைலன்சர் இணைப்பில் ஒரு தளர்ந்த கிளாம்பும், காரின் தரையில் ஒரு சிறு துளையும் சேர்ந்து எளிதில் உண்டாக்கக்கூடியதாகும்.

தரையில் உள்ள இடைவெளி எத்துணை ஆபத்தானது என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரைக்கு அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கேரவன் வண்டியில் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனக் கருவிக்காக அவ்வண்டியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினர். ஜெனரேட்டரின் புகை வண்டித் தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே நுழைந்ததாகவும், இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்ஸைடு பத்து லட்சத்துக்கு 900 பங்குக்கு மேல் உயர்ந்ததாகவும் அவர்கள் கண்டனர். அது பழைய கார் அன்று. எனினும் புகை நுழைந்த விதம் பழைய கார்களில் நுழையும் விதமே.

புகை பிறக்கும் இடங்கள்

நாற்றத்தின் தன்மையைக் கொண்டு அதன் பிறப்பிடத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

எரிந்த புகையின் காரமான நாற்றம், கண் எரிச்சலுடன் வந்தால், எக்ஸாஸ்ட் அமைப்பில் கசிவு உண்டு எனக் கொள்ள வேண்டும். எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். மேனிஃபோல்டிலேயே வெடிப்பு இருக்கலாம். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம். கடைக்குழாய் டிக்கிக்கு வெளியே போதிய அளவு நீண்டிராமல் உட்புறமாகவே முடிந்திருக்கலாம்.

தீய்ந்த எண்ணெய் நாற்றம் வந்தால் அதன் காரணம் வேறு. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயுவின் ஒரு பகுதி கீழே எண்ணெய் அறைக்குள் இறங்குகிறது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் இவ்வாயு ஒரு திறந்த குழாய் வழியாகக் காரின் அடியிலேயே விடப்பட்டது. அதனை மீண்டும் எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் வால்வு அமைப்பு 1960-களில்தான் வழக்கத்துக்கு வந்தது. எண்ணெய் ஊற்றும் மூடி சரியாகப் பொருந்தாவிடினும், வால்வு மூடியின் கேஸ்கெட் கசிந்து எண்ணெய் சூடான குழாயின் மீது சொட்டினும் இதே நாற்றம் எழும்.

எரியாத பெட்ரோலின் நாற்றம் வந்தால் கார்புரேட்டர் நிரம்பி வழிகிறதா, பெட்ரோல் குழாய்களும் தொட்டியின் மூடியும் நலமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தொட்டியை நிரப்பிய உடனும் வளைவுகளில் திரும்பும்போதும் மட்டும் நாற்றம் வருமாயின், தொட்டிக்குச் செல்லும் ரப்பர்க் குழாயே பெரும்பாலும் குற்றவாளி. இந்நாளில் விற்பனையாகும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்துள்ளது. பழங்கால ரப்பர் இதனைத் தாங்காமல் மென்மையாகி வெடிக்கக்கூடும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களை மாட்டுவது நலம். பெட்ரோல் நாற்றத்தில் நச்சைக் காட்டிலும் தீ அபாயமே முதன்மையானது என்பதை மறத்தலாகாது.

புகை நுழையும் வழிகள்

எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு உண்டு. மின்கம்பிகள், ஆக்ஸிலரேட்டர்க் கம்பி, மிதிகள், ஸ்டியரிங் தண்டு ஆகியவை இதனைத் துளைத்தே உள்ளே வருகின்றன. பழைய அம்பாசிடரில் கியர்க் கம்பியும் ஸ்டியரிங் தண்டை ஒட்டியே அமைந்திருந்தது. ஒவ்வொரு துளையிலும் இருந்த ரப்பர் வளையம் வெப்பத்தால் இறுகி உதிர்ந்துவிட்டால் அத்துளை புகைவாயிலாகிறது. ரேடியோ, ஹாரன் போன்றவற்றுக்காகப் பிற்காலத்தில் போட்ட துளைகள் பெரும்பாலும் மூடப்படாமலே விடப்பட்டிருக்கும்.

இரண்டாவது வழி தரை. ஆண்டில் இரு பருவமழைகளையும் பெறுவதும், கடற்காற்று வீசுவதுமான திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் தரைத் தகடு துருப்பிடிப்பது இயல்பு. மேலே விரிப்பு இருப்பதால் துளை கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றாவது வழி பின்புறம். டிக்கி மூடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரும், பின் விளக்குகளின் அடியிலுள்ள ரப்பரும் நைந்துபோனால், கடைக்குழாயின் புகை டிக்கி வழியாகப் பின் இருக்கையை அடைகிறது. பின் இருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டு வருவது வழக்கமாதலால் இவ்வழி மிகுந்த கவனத்துக்குரியது.

ஜன்னலைத் திறந்தால் புகை ஏன் கூடுகிறது?

பின் கண்ணாடிகளைத் திறந்ததும் புகை குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைப் பலர் கண்டு வியப்பதுண்டு. மண் பாதையில் பஸ் செல்லும்போது எழும் புழுதி, பஸ்ஸைத் தொடர்ந்து சுழன்று அதன் பின்புறத்தின் மீதே படிவதை யாவரும் பார்த்திருப்பர். ஓடும் வண்டியின் முன்புறத்தில் காற்றின் அழுத்தம் கூடுதலாகவும் பின்புறத்தில் குறைவாகவும் இருக்கிறது. புகை உடனே விலகிச் செல்லாமல் பின்புறத்திலேயே சுழல்கிறது. பக்கக் கண்ணாடியைத் திறந்தால், வேகமாக ஓடும் வெளிக்காற்று உட்புறத்துக் காற்றை இழுத்துச் செல்லும். அதனால் உள்ளே அழுத்தம் குறையும். அக்குறையை நிரப்பக் காற்று எந்த இடுக்கிலும் நுழையும். பின்புற இடுக்குகளில் காத்திருப்பது புகையே ஆகும். டிக்கி மூடியைத் திறந்தவாறு சாமான் ஏற்றிச் செல்வது இக்காரணத்தாலேயே மிகவும் ஆபத்தானது.

ஆகவே ஓடும் காரில் முன்புறத்திலிருந்து காற்று உட்புகுமாறு செய்ய வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் முன் கதவில் உள்ள முக்கோணச் சிறு கண்ணாடியை உட்புறம் காற்று வீசுமாறு திருப்பி வைப்பதும், முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாயிலைத் திறந்து வைப்பதும் இதற்கு உதவும்.

எளிய சோதனைகள்

முதலாவது, வெளிச்சச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, இரவில் பானெட்டின் உள்ளே டார்ச் விளக்கை ஏற்றி வைத்து, இருண்ட காருக்குள் அமர்ந்து டேஷ்போர்டின் அடியில் நோக்க வேண்டும். ஒளி தெரியும் இடமெல்லாம் புகைக்கும் வழியாகும். விரிப்புகளை எடுத்துவிட்டு, விளக்கைக் காரின் அடியில் வைத்துத் தரையையும் இவ்வாறே பார்க்கலாம்.

இரண்டாவது, காகிதச் சோதனை. டிக்கியின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, அதனை இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாகப் பிடித்தால் ரப்பர் நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடம் அடைபடவில்லை. பீடிங் ரப்பரின் மீது சாக்குக்கட்டித் தூளைத் தடவி மூடித் திறந்தால், எதிர்த்தகட்டில் தூள் படியாத இடம் தனியே தெரியும்.

மூன்றாவது, எக்ஸாஸ்ட் சோதனை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் திறந்த வெளியில் அதனை இயக்கி, இணைப்புகளின் அருகே விட்டுவிட்டு எழும் ஊதல் ஒலியைக் கவனிக்க வேண்டும். இணைப்புகளில் கரிய புகைக்கறை படிந்திருந்தால் அதுவே கசிவின் அடையாளம். சோப்பு நீரைத் தூரிகையால் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் எழும்.

ஊதுபத்திப் புகையால் கசிவைத் தேடும் வழக்கமும் உண்டு. ஆயின், பெட்ரோல் நாற்றம் சிறிதேனும் உள்ள காரில் எவ்வகை நெருப்பையும் பயன்படுத்தலாகாது.

அவ்வப்போது பெறும் புகைச் சான்றிதழ் இச்சோதனைகளுக்கு ஈடாகாது. பழைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு 3 பங்கு வரை அனுமதிக்கப்படுகிறது. அந்த அளவு கடைக்குழாயின் வாயில் எடுக்கப்படுவதேயன்றி, காருக்குள் எடுக்கப்படுவதன்று. காருக்குள் அறிய, மின்கலத்தால் இயங்கும் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

செப்பனிடும் வரிசை

செப்பனிடுகையில் வரிசை முக்கியமானது. முதலில் கசிவின் பிறப்பிடத்தைச் சீர்செய்தல் வேண்டும். அதன் பின்னரே துளைகளை அடைத்தல் வேண்டும். பிறப்பிடத்தை விட்டுவிட்டு இடுக்குகளை மட்டும் அடைத்தால், உள்ளே வரும் தூய காற்றும் குறைந்து, எஞ்சிய ஒரு துளை வழியாக வரும் நச்சு வெளியேற வழியின்றித் தேங்கும். நாற்றம் குறைந்தது கண்டு காரின் உரிமையாளர் மகிழ்வார், ஆபத்தோ குறைந்திராது.

மேனிஃபோல்டு கேஸ்கெட், சைலன்சர், கிளாம்புகள், எண்ணெய் மூடி, பெட்ரோல் குழாய்கள் ஆகியவற்றை முதலில் மாற்றுக. கார்புரேட்டரை முறைப்படி சீரமைத்தால் புகையிலுள்ள நச்சே குறையும். பின்னர்த் தடுப்புத் தகட்டின் துளைகளுக்குப் புதிய ரப்பர் வளையங்கள் இடுக. துருப்பிடித்த தரையைத் தார் பூசி மறைக்காமல், கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்க. இறுதியில் கதவு, டிக்கி, பின் விளக்கு ஆகியவற்றின் ரப்பர்களை மாற்றுக. இவற்றால் காரின் பழமைத் தோற்றம் சிறிதும் கெடுவதில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் கார்களைப் பழம்பெரும் வண்டிகள் எனப் பதிவுசெய்ய 2021-இல் விதி ஏற்பட்டுள்ளமையால், இது உரிமையாளர்கள் கருதத்தக்க விஷயமாகும்.

நெரிசலிலும் நெருக்கடியிலும்

சாலைத் தெரு போன்ற இடங்களில் கார் ஊர்ந்து செல்லும்போது முன்காற்று வாயில், முன்னே நிற்கும் லாரியின் புகையையே உள்ளே இழுக்கும். அத்தகைய சில நிமிடங்களுக்கு அதனை மூடி வைக்கலாம். நெரிசல் நீங்கியதும் திறந்துவிட வேண்டும். சொந்தப் புகை கசியாத கார்களுக்கே இந்த உபாயம் பொருந்தும். நீண்ட நேரம் நிற்க நேரிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுவதே சிறந்தது. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடுவதும், எஞ்சின் ஓட, கண்ணாடிகளை மூடிக்கொண்டு காருக்குள் உறங்குவதும் ஒருபோதும் கூடாது.

காரில் செல்லும் இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் தலைவலியோ குமட்டலோ தோன்றினால், உடனே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, யாவரும் வெளியேற வேண்டும். மயங்கியவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்குத் தூய பிராணவாயு அளித்தால், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குறையும் நஞ்சு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகும். சுகாதார ஊழியர்கள் இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர், கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிராணவாயு ஏறியதாகவே காட்டும். கருவியில் 98 என்று தெரிவது கண்டு நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடலாகாது. அவர் எஞ்சின் ஓடும் வண்டிக்குள் இருந்தாரா என்று கேட்டறிந்து, அதனை மருத்துவரிடம் தெரிவிப்பது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.